டோங் யி பார்க்கும்போது ராஜாவின் மேல் ஒரு கண் வையுங்கள்

கேள்வி இதுதான்: "டோங் யி என்ற கொரிய சரித்திரத் தொடரைப் பன்னிரண்டு எபிசோடு வரை பார்த்தேன். பெயர்கள் மனதில் நிற்கவில்லை. மந்திரிகள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று புரியவில்லை. ராஜா புத்திசாலியா, ஏமாளியா என்றுகூடத் தெரியவில்லை. இதெல்லாம் நிஜமாக நடந்ததா? மீதியையும் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?"

பார்க்கலாம். மொத்தம் 60 எபிசோடு, நீங்கள் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள். ஆனால் பார்க்கும் கோணத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள் என்பேன்.

நான் இந்தத் தொடரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை எல்லோரையும் போல, நல்ல ராணி, கெட்ட ராணி, நடுவில் ஏழைப் பெண் என்று சக்களத்திச் சண்டையாகவே பார்த்தேன். பிறகு அந்தக் காலத்து வரலாற்றைக் கொஞ்சம் படித்துவிட்டு இரண்டாம் தடவை உட்கார்ந்தபோது என் கண் ராணிகளை விட்டு ராஜாவின் பக்கம் போய்விட்டது. அப்போது அது வேறு தொடராகத் தெரிந்தது.

தொடரில் ராஜா சுக்ஜோங் எப்படி இருக்கிறார்? ஜி ஜின்ஹீ நடித்திருக்கிறார், சிரித்த முகம். மாறுவேடத்தில் போய்க் கதாநாயகி டோங் யியிடம் தன்னை நகர நீதி அலுவலகத்து அதிகாரி என்று சொல்லிக்கொள்கிறார். அவளும் நம்பி, மதில் ஏறுவதற்கு அவரைக் குனியச் சொல்லி முதுகில் மிதித்து ஏறுகிறாள். நாட்டையே ஆளும் மனிதர், வாழ்நாளில் யாருக்கும் குனிந்து பழக்கமில்லாதவர், மூச்சு வாங்க நிற்கிறார். அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு அவரை வெறுக்க யாராலும் முடியாது. தொடரின் சாமர்த்தியமே அதுதான்.

நிஜ சுக்ஜோங் 1674இல் பதின்மூன்று வயதில் அரியணை ஏறினார். அந்த வயதில் ராஜாவானால் வழக்கமாகப் பாட்டியோ அம்மாவோ திரைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்சி நடத்துவார்கள். இவருக்கு அப்படி யாரும் தேவைப்படவில்லை. வந்த வேகத்தில், நாட்டிலேயே பெரிய அறிஞர் என்று பெயர் வாங்கிய, அறுபது வயதைத் தாண்டிய சோங் சியோல் என்பவரைத் தலைநகரிலிருந்து துரத்திவிட்டார். அப்புறம் 1720இல் சாகும்வரை, கிட்டத்தட்ட 46 வருடம் ஆண்டார். இப்படிப்பட்டவர் அந்தப்புரத்தில் இரண்டு பெண்கள் மூட்டும் கோளைக் கேட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடினார் என்றால் நம்பவா முடிகிறது?

சரி, மந்திரிகள் சண்டைக்கு வருவோம். இரண்டு கட்சி: சோயின் என்றால் மேற்கத்தியர், நாமின் என்றால் தெற்கத்தியர். திசைப் பெயர்தான், ஊரோடு பெரிய சம்பந்தம் இல்லை. பின்னால் சோயின் கட்சியே நோரோன், சோரோன் என்று உடைந்தது. மூத்தோர் அணி, இளையோர் அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்கள் எதற்கு அடித்துக்கொண்டார்கள் என்று கேட்டால் முதலில் சிரிப்புத்தான் வரும். ராஜமாதா ஒருத்தி செத்துப்போன மருமகளுக்காக எத்தனை மாதம் துக்க உடை உடுத்த வேண்டும்? ஒன்பது மாதமா, ஒரு வருடமா? 1674இல் ஒரு கட்சி கவிழ்ந்து இன்னொரு கட்சி எழுந்ததே இந்தக் கணக்கில்தான். (அந்த மாமியார் மருமகளைவிட வயதில் இளையவர் என்பது தனிக் கூத்து. கிழ ராஜாவுக்கு இரண்டாம் தாரமாக வந்தவர்.)

ஆனால் உள்ளே இருந்த கேள்வி சிரிப்புக்குரியது இல்லை. மூத்த மகனின் மனைவி செத்தால் ஒரு கணக்கு, இளைய மகனின் மனைவி செத்தால் வேறு கணக்கு. அந்த மருமகளின் கணவர் இரண்டாவது மகனாகப் பிறந்து, அண்ணன் செத்ததால் ராஜாவானவர். "ஒன்பது மாதம் போதும்" என்பவர், அவர் ராஜாவே ஆனாலும் இளைய மகன்தான் என்கிறார். அந்த வம்சத்தில் வந்த பேரன்தான் சுக்ஜோங். துக்கத் துணியின் பெயரில் தன் பரம்பரையின் உரிமையையே உரசிப் பார்க்கிறார்கள் என்பது பதின்மூன்று வயதிலேயே அவருக்குப் புரிந்திருக்கிறது. ஒன்பது மாதக் கட்சியான சோயினுக்குத் தலைவர் சோங் சியோல். அந்தக் கிழவரைத் துரத்தியதற்குக் காரணம் அதுதான்.

அந்த இளம் மாமியாரின் அரண்மனைப் பகுதிக்குத்தான் ஜாங் ஓக்ஜோங் பணிப்பெண்ணாக வந்து சேர்ந்தாள். தொடரில் லீ சோயோன் நடிக்கும் அந்த அழகான, நிதானமான, பின்னால் பயங்கரமாகப் போகும் பெண்தான். அவள் பிறந்தது மொழிபெயர்ப்பாளர் குடும்பத்தில். சீனாவுக்குப் போகும் தூதுக்குழுவோடு போய் வியாபாரமும் செய்து காசு சேர்த்த ஜாதி. கையில் பணம் உண்டு, உயர்குடி அந்தஸ்து கிடையாது. நாமின் கட்சிக்கு அவள் தேவைப்பட்டாள், அவளுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள்.

இனி ராஜாவின் ஆட்டத்தைப் பாருங்கள். 1680இல் நாமின் கட்சியை ஒரே அடியில் வெளியே தள்ளி, சோயின் கட்சியை உள்ளே கொண்டுவருகிறார். அடுத்த வருடம் அந்தக் கட்சிக் குடும்பத்திலிருந்து இன்ஹ்யோன் ராணியாக வருகிறாள். 1688இல் ஜாங் ஓக்ஜோங்குக்கு மகன் பிறக்கிறான். இன்ஹ்யோனுக்குக் குழந்தை இல்லை. பிறந்து சில மாதமே ஆன குழந்தையை வாரிசு என்று ராஜா அறிவிக்க, திரும்பி வந்திருந்த அதே சோங் சியோல் "இவ்வளவு அவசரம் எதற்கு" என்று மனு எழுத, 1689இல் மறுபடி ஒரே அடி. சோயின் கட்சி காலி, கிழவருக்கு விஷக்கிண்ணம், ராணி பதவி பறிக்கப்பட்டு வெள்ளை உடையில் பிறந்த வீட்டுக்கு. ஜாங் ராணியாகிறாள். ஐந்தே வருடம். 1694இல் திரும்பவும் ஒரே அடி. நாமின் காலி, இன்ஹ்யோன் திரும்ப ராணி, ஜாங் பழையபடி துணைவி.

இந்தக் கவிழ்ப்புக்குக் கொரிய மொழியில் ஹ்வான்குக் என்று பெயர், ஆட்டத்தையே திருப்பிப் போடுவது. மூன்று தடவையும் கட்சி மாறியது, ராணி மாறினாள், தலைகள் உருண்டன; மாறாமல் இருந்தது ஒரே ஆள். ஒரு கட்சி கொஞ்சம் கொழுத்தால் அடுத்த கட்சியை விட்டு அதன் சதையைக் குறைப்பது, அதற்கு அந்தப்புரத்தை ஒரு சாக்காக வைத்துக்கொள்வது. ராணியை மாற்றினால் ராணியோடு ஒட்டிய மந்திரிசபையும் தன்னால் மாறிவிடும். மனைவிமார் மேல் அவருக்குப் பாசம் இருந்திருக்கலாம், கோபமும் இருந்திருக்கலாம். ஆனால் எந்தப் பாசமும் கோபமும் அவருடைய அதிகாரத்துக்கு நஷ்டம் தரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

(இதே மனிதர் ஒரு மஞ்சள் பூனையை மடியில் வைத்து ஊட்டி வளர்த்தார் என்றும், அவர் செத்த பிறகு அது சாப்பிடாமல் கிடந்து செத்தது என்றும், அதை அவருடைய சமாதிக்கு அருகிலேயே புதைத்தார்கள் என்றும் அந்தக் காலத்து எழுத்துகளில் வருகிறது. அந்தப் பூனையை மட்டும் அவர் பதவி நீக்கம் செய்ததாகத் தெரியவில்லை.)

பெயர்க் குழப்பத்துக்கு ஒரு வழி உண்டு. நீங்கள் பெயர் என்று நினைப்பவை பெரும்பாலும் பெயரே இல்லை, பதவி. சுக்ஜோங் என்பது செத்த பிறகு வைத்த பெயர், உயிரோடு இருக்கும்போது யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டிருக்க முடியாது. ஜாங்குக்குக் கிடைத்த ஹீபின், டோங் யிக்குக் கிடைக்கும் சுக்பின் என்பதில் கடைசியில் வரும் 'பின்' துணைவியரில் மிக உயர்ந்த படி. அதற்குக் கீழே க்வியின், சுகுய், சுக்வோன் என்று ஏழு படி இருக்கிறது. ராணி இந்த ஏணியிலேயே இல்லை, அதற்கு மேலே. ஆகவே யார் யாரை எப்படி விளிக்கிறார்கள் என்று மட்டும் காது கொடுத்தால் போதும், கதை தானாகப் புரியும். நேற்றுவரை பெயர் சொல்லிக் கூப்பிட்ட தலைமைப் பணிப்பெண் இன்று தலையைக் குனிந்து "மாமா" என்கிறாளா, படி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இந்த "மாமா"வைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராஜ குடும்பத்துப் பெரியவர்களை மரியாதையாக விளிக்கும் சொல் அது. ராணிக்கு ஜுங்ஜோன் மாமா, ராஜமாதாவுக்கு தேபி மாமா. இரண்டாம் தடவை நான் பார்த்தபோது அம்மாவும் கூட உட்கார்ந்திருந்தார். பத்து நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "ஏன்டா, அத்தனை நகை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிற பொம்பளையைப் போய் மாமாங்கிறாங்க?" என்றார். அதன் பிறகு வீட்டில் அந்தத் தொடருக்குப் பெயரே மாமா சீரியல்தான்.

இன்னொன்று, உடையைப் பாருங்கள். சபையில் சிவப்பு அங்கி போட்டவர்கள் பெரிய மந்திரிகள், நீலம் அடுத்த வரிசை, பச்சை கீழ்நிலை. சிவப்பு வரிசை வாயைத் திறக்காமல் நிற்க, நீல வரிசையிலிருந்து ஒருவன் ஆவேசமாக முன்னால் வந்தால் அவனை யாரோ ஏவி விட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெண்களிடம் நடு வகிட்டில் இருக்கும் சின்ன அணியைக் கவனியுங்கள். தவளை வடிவம் என்றால் மூத்த பணிப்பெண். அந்த இடத்துக்குத் தங்க முலாம் பூசிய பறவையோ டிராகனோ வந்தால் ராஜ குடும்பத்தில் சேர்ந்துவிட்டாள். வசனம் சொல்வதற்கு முன்னாலேயே இந்த வகிடு சொல்லிவிடும்.

அப்புறம் அந்த வைக்கோல் பாய். அரண்மனை முற்றத்தில் கல்தரை மேல் பாயை விரித்து, நகைகளைக் கழற்றி, வெள்ளை உடை உடுத்தி, கூந்தலைத் தாழ்த்தி ஒருவர் மண்டியிடுகிறார். "நான் குற்றவாளி, தண்டனை கொடுங்கள்" என்று சொல்லும் சடங்கு இது. பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஆனால் பட்டப்பகலில், எல்லோரும் போய்வரும் வழியில், ராஜாவின் வாசல் எதிரில் உட்கார்ந்தால் உள்ளே இருப்பவருக்கு எவ்வளவு நெருக்கடி என்று யோசியுங்கள். மழை பெய்தால் இன்னும் விசேஷம். மந்திரிகள் கூட்டமாக உட்கார்ந்து "தயவுசெய்து சீர்தூக்கிப் பாருங்கள்" என்று ஒரே குரலில் நீட்டி முழக்குவதும் இதே ரகம். காலில் விழுவது போல இருக்கும், கழுத்தைப் பிடிக்கிறார்கள்.

எது நிஜம் என்று கேட்டீர்கள். ராஜா, இரண்டு ராணிகள், ஜாங்கின் அண்ணன் ஹீஜே, பதவிகள் போனது வந்தது எல்லாம் நிஜம். கதாநாயகிதான் கிட்டத்தட்ட வெற்றுக் காகிதம். சோய் சுக்பின் என்ற துணைவி இருந்தாள், 1670இல் பிறந்தாள், 1694இல் அவளுக்குப் பிறந்த மகன் பின்னால் யோங்ஜோ என்ற ராஜாவானான், 1718இல் செத்தாள். ஆனால் அரண்மனைக்கு எப்படி வந்தாள் என்பது சரியாகப் பதிவாகவில்லை. தண்ணீர் சுமக்கும் வேலைக்காரியாக இருந்தாள் என்பது வழிவழியாக வரும் கதை. தொடர் எழுதியவர்களுக்கு இந்த வெற்றிடம் வரப்பிரசாதம். பிணப் பரிசோதனை செய்யும் தகப்பன், அடிமைகளின் ரகசியச் சங்கம், இசைக்கூடத்து வேலை, துப்பறியும் பணிப்பெண் எல்லாம் அவர்கள் நெய்தது. அந்த ரகசியச் சங்கமான கொம்க்யே மட்டும் நிஜமாகவே சுக்ஜோங் காலத்துப் பதிவுகளில் இருக்கிறது. ஆனால் பதிவு எழுதியவர்கள் அதை அடிதடிக் கும்பலாகத்தான் பார்த்தார்கள். தொடரில் அடிமைகளைத் தப்பவைக்கும் புண்ணியவான்கள்.

கற்பனைதான் என்றாலும் அந்த இசைக்கூடப் பகுதியை ஓட்டிவிடாதீர்கள். ப்யோங்யோங் என்று ஒரு வாத்தியம் வரும். சட்டத்தில் இரண்டு வரிசையாக, வரிசைக்கு எட்டு வீதம் பதினாறு கல் தொங்கும். எல்லாம் வளைந்த 'ட' மாதிரி, கனம் மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு. கல் என்பதால் வெயிலிலும் பனியிலும் சுருதி மாறாது, மற்ற வாத்தியங்களுக்கு அதுதான் அளவுகோல். அந்தக் கல்லே சுருதி பிசகினால் நாட்டில் ஏதோ கெட்டது நடக்கப் போகிறது என்று பீதி கிளம்புகிறது. யாரோ வேண்டுமென்றே கிளப்பிய பீதி. வாள் சண்டை இல்லாமல், ஒரு அபஸ்வரத்தை வைத்தே அரசியல் சதியை நகர்த்துகிறார்கள்.

டோங் யி அப்பழுக்கில்லாதவளாக இருப்பதுதான் எனக்கு இந்தத் தொடரில் உறுத்தும் ஒரே விஷயம். ஆரம்பத்தில் அவளுக்கும் ஓக்ஜோங்குக்கும் இடையே ஒரு மரியாதை இருக்கிறது. இருவரும் கீழேயிருந்து வந்தவர்கள், ஒருத்தியிடம் இன்னொருத்தி தன்னையே பார்க்கிறாள். அந்த இழை நீண்டிருந்தால் தொடர் எங்கேயோ போயிருக்கும். போகப் போக ஒருத்தி வெளிச்சம், ஒருத்தி இருட்டு என்று பிரித்துவிட்டார்கள்.

நிஜத்தில் 1701இல் இன்ஹ்யோன் நோயில் செத்தாள். அதன்பிறகு, ஜாங் ஹீபின் தன் இருப்பிடத்தில் சாமி அறை வைத்து ராணிக்குச் சூனியம் செய்தாள் என்ற குற்றச்சாட்டு கிளம்பியது. ராஜாவின் காதில் அதைப் போட்டது சோய் சுக்பின் என்று அரசுப் பதிவே சொல்கிறது. பட்டத்து இளவரசனின் தாயாயிற்றே, மன்னியுங்கள் என்று சோரோன் மந்திரிகள் கெஞ்சினார்கள். ராஜா கேட்கவில்லை. ஜாங் சாக உத்தரவிட்டார். இனி எந்தத் துணைவியும் ராணியாகக் கூடாது என்று சட்டமும் போட்டார். அதனால் சுக்பினுக்கும் அந்தக் கதவு அடைபட்டது. அடுத்த வருடம் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி புது ராணியாக வந்தாள்.

ஜாங் அவ்வளவு கொடுமைக்காரியா என்று கேட்டால், அந்த வரலாற்றை எழுதியவர் யார் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஜோசன் என்ற அந்தக் காலத்துக் கொரிய அரசில் ராஜா எங்கே போனாலும் பின்னாலேயே எழுத்தர்கள் போய்க் குறிப்பெடுப்பார்கள். தொடரில் ஓரமாகக் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்களே, அவர்கள்தான். 1404இல் தேஜோங் என்ற ராஜா வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து எழுந்தவுடன், இது எழுத்தருக்குத் தெரிய வேண்டாம் என்றாராம். அவர் விழுந்ததும் பதிவாகியிருக்கிறது, தெரிய வேண்டாம் என்றதும் பதிவாகியிருக்கிறது. அவ்வளவு கறார். ஆனாலும் ராஜா செத்த பிறகுதான் அந்தக் குறிப்புகளைத் தொகுப்பார்கள். சுக்ஜோங் காலத்துத் தொகுப்பை முடித்தது நோரோன் கட்சி, ஜாங்குக்கு எதிரிக் கட்சி. அடுத்து அதிகாரத்துக்கு வந்த சோரோன் கட்சி, அதை அழிக்காமல் ஒவ்வொரு பகுதியின் கடைசியிலும் தங்கள் திருத்தத்தைச் சேர்த்துவிட்டது. ஒரே சம்பவத்துக்கு இரண்டு வாக்குமூலம், ஒரே கட்டில். கொரியாவில் இந்தக் கதையைத் திரும்பத் திரும்ப எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். மினாரி படத்துக்கு 2021இல் ஆஸ்கர் வாங்கிய யூன் யோஜோங்கூட 1971இல் ஜாங் ஹீபினாக நடித்தவர்தான். 2013இல் கிம் தேஹீ நடித்த தொடர் கதையையே திருப்பி ஜாங்கின் பக்கம் நின்று சொன்னது. டோங் யி முடித்த கையோடு அதைப் பார்த்தால் தலை சுற்றும், நல்ல சுற்றல்.

சலிப்பு எங்கே வரும் என்றும் சொல்லிவிடுகிறேன். நடுவில் எல்லைப் பாதுகாப்பு ரகசிய ஏடு ஒன்றைச் சீனத் தூதரிடம் கொடுப்பது, தடுப்பது, போலி செய்வது என்று பல எபிசோடு ஓடும். கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்பது, கடைசி நொடியில் ஆள் வந்து சேர்வது எல்லாம் திரும்பத் திரும்ப வரும். வாரம் இரண்டு எபிசோடு என்று 2010இல் ஒளிபரப்பான தொடரை நாம் ஒரே மூச்சில் பார்ப்பதால் வரும் களைப்பு அது. ஒரு நாளைக்கு இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு இதே இயக்குநர் லீ ப்யோங்ஹூன் எடுத்த யி சானுக்குப் போகலாம். 2007இல் வந்தது, ஆனால் கதை இதற்குப் பிந்தியது. ஜாங்கின் மகன் நாலு வருடம் ஆண்டு பிள்ளை இல்லாமல் செத்தான். ஊறவைத்த நண்டையும் பெர்சிமன் பழத்தையும் சேர்த்துக் கொடுத்துத் தம்பி தரப்பு கொன்றுவிட்டது என்று வதந்தி. அந்தத் தம்பிதான் டோங் யி தூக்கி வளர்க்கும் குட்டிப் பையன், யோங்ஜோ. வதந்தி அவரை 52 வருட ஆட்சி முழுக்கத் துரத்தியது. 1762இல் சொந்த மகனையே அரிசிப் பெட்டிக்குள் அடைத்துச் சாகவிட்டவரும் அவர்தான். யி சான் அந்த மகனின் மகன் கதை.

எப்போதாவது சியோல் போனால், ஜனாதிபதி மாளிகை என்று பேர்பெற்ற நீல மாளிகையை ஒட்டி சில்குங் என்று ஓர் இடம் இருக்கிறது. ராஜாவையோ இளவரசனையோ பெற்றும் துணைவியாகவே செத்த ஏழு பெண்களுக்கான கோயில்கள். ஜாங்குக்கும் அங்கே ஒன்று உண்டு, சுக்பினுக்கும் உண்டு, ஒரே வளாகத்தில். மற்றவர்கள் கோயிலில் தூண்கள் சதுரம். ஜாங்கின் கோயிலில் மட்டும் உருண்டைத் தூண், சில வருடமாவது ராணியாக இருந்தவள் என்பதற்காக.